சித்திரை மாதத்து நடவு

மீன் குழம்பு கொதிக்கிற அடுப்பில் ஒரு கண் வைத்தபடியே தஹ்மீனா ஒரு பிரெஞ்சுப் பட்டாளத்தை விசாரித்துக்கொண்டிருக்கிறாள். வலக்கையில் கரண்டி, இடக்கையில் போர் நாவல். "அன்னிக்கு அமாவாசை. இவனுக்கு மட்டும் நிலா எங்கேருந்து வந்துச்சு?" என்று ஆசிரியரைக் கேட்பாள். கரண்டியை வைத்துவிட்டுப் பக்க ஓரத்தில் ஒரு சுழி போடுவாள். இந்தப் பத்து வருஷத்தில் அவள் சுழிகளில் மூழ்கிய பீரங்கிகளை எடுத்து அடுக்கினால் காரைக்காலிலிருந்து சீர்காழி வரை வரிசை கட்டி நிற்கும்.

பிழைப்பு வேறு. பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள காரைக்கால் குடும்பங்களின் பிறப்பு, கல்யாணம், சாவு அத்தனையையும் பிரெஞ்சில் பெயர்த்துக் கொடுக்கிறாள். தேதி ஒன்று பிசகினால் தாள் திரும்பி வந்துவிடும். அதில் ஒட்டிக்கொண்டதுதான் இந்தத் தப்புப் பிடிக்கிற வியாதி. மாமியார் சைத்தூன் பீவிக்கு இதில் ஒரு தீராத குறை; பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் முறையிடுவார். "ஊரான் சண்டையெல்லாம் படிக்கிறா, எங்கூட ஒரு சண்டை போட மாட்டேங்கிறா. எனக்குப் பொழுது போவ வேணாமா புள்ள?"

நாவல்காரர்கள் புனைவதில் அவளுக்குக் கோபமில்லை. செத்த தளபதியை இரண்டு அத்தியாயம் கூடுதலாக வாழ வைக்கட்டும், இல்லாத காதலியைக் கூடாரத்துக்குள் நுழைக்கட்டும். சுழியைப் போட்டுவிட்டு, "கதைதானே, போவட்டும்" என்று மன்னித்துவிடுவாள்.

தஞ்சாவூர்ப் பதிப்பாளர் செழியன் கொடுத்த பிரெஞ்சு நாவலை மட்டும் மன்னிக்க முடியவில்லை. அதுதான் அவள் தமிழாக்கிய முதல் புத்தகம். இருபது வருஷமாக அடுத்தவர் பெயர்களையே எழுதியவளின் பெயர் அட்டையில் வரப்போகிறதென்று சைத்தூன் பீவி தெரு முழுக்கச் சொல்லி முடித்திருந்தார்.

கதை இந்தோசீனப் போர், வியட்நாமில் பிரெஞ்சுப் படை தோற்ற 1954. கர்னலின் கோவேறு கழுதைக்கு எந்தக் கால் நொண்டி என்பது வரைக்கும் ஆவணம் பார்த்து எழுதியிருக்கிறார் ஆசிரியர். கடைசியில் பதினோரு பக்கத்துக்கு ஆதாரப் பட்டியல். நடுவில் அந்தப் படையின் காரைக்கால் சிப்பாய் ஒருவன் வருகிறான். அவனுக்குப் பெயர் கிடையாது. மே மாதத் தொடக்கத்தில் ஊரிலிருந்து கடிதம்: வயலெல்லாம் தண்ணீர், நடவுக்கு வா. துப்பாக்கியைப் போட்டுவிட்டு ஓடுகிறான். அவன் காவல் காத்த அரண் விழுகிறது.

அட்டை மாதிரியோடு செழியன் வந்த அன்று குழம்பு அடிப்பிடித்தது.

"சித்திரையில எந்த வயல்ல தம்பி தண்ணி? வெடிப்புல காலை விட்டா முழங்கால் வரைக்கும் போவும். ஜூன்ல மேட்டூர் தொறந்து, தண்ணி கடைமடைக்கு வந்து, நாத்து விட்டு நடறதுக்குள்ள ஆடி ஆயிடும்."

"மோட்டார் பம்பு இருந்திருக்கும்லக்கா?"

"அம்பத்து நாலுல உங்க தாத்தா வச்சிருந்தாரா?"

செழியன் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தான்.

"நான் கதையை மாத்தச் சொல்லல. அடிக்குறிப்பா ஒரே ஒரு வரி. மே மாசம் இங்க நடவு கிடையாதுன்னு."

"நீங்க போன்ல சொன்னப்பவே பிரெஞ்சுப் பதிப்பகத்துல கேட்டுப் பாத்துட்டேங்க்கா. குறிப்பு எதுவும் சேக்கக் கூடாதுன்னு ஒப்பந்தத்துலயே இருக்காம். நாவல்தானே, எவன் கவனிக்கப் போறான்?"

"திருநள்ளாறுல மண்வெட்டி புடிக்கிற ஒவ்வொருத்தனும் கவனிப்பான்!" குரல் தெருவுக்கே கேட்டது. "கழுதைக்கு நொண்டின்னு எழுத ஆவணக் காப்பகம் காப்பகமா அலைஞ்சிருக்கான். எங்க ஊரு ஆளைக் கோழையாக்க ஒரு காலண்டரைப் புரட்டலையே! சரித்திரமெல்லாம் கர்னலுக்கு, கற்பனையெல்லாம் எங்களுக்கா?"

"அச்சுக்குப் போயாச்சுக்கா. அட்டை மட்டுந்தான் பாக்கி."

தஹ்மீனா அட்டையை வாங்கினாள். சிவப்பு வானம், புகை, அடியில் வெள்ளை எழுத்தில் 'தமிழில்: தஹ்மீனா'. அழகாகத்தான் இருந்தது. விரலால் ஒருமுறை தடவிப் பார்த்தாள். தையல் பெட்டியிலிருந்து கத்தரிக்கோலை எடுத்து, அந்த ஒரு வரியைச் சுற்றி நிதானமாக வெட்டி, அட்டையை அவனிடம் நீட்டினாள்.

செழியன் அதைத் தூக்கிப் பிடித்தான். பெயர் இருந்த இடத்தின் வழியே அவன் சட்டைப் பொத்தான் தெரிந்தது.