பிரிட்ஜ் கைப்பிடித் துணி

எங்கள் வீட்டு பிரிட்ஜின் கைப்பிடியில் எப்போதும் ஒரு பழைய துணி சுற்றியிருக்கும். வெறுங்கையால் தொட்டால் கரண்ட் அடிக்கும். பிரிட்ஜ் என்றால் அடிக்கத்தான் செய்யும் என்று எட்டு வயதுவரை நம்பியிருந்தேன். துணி சுற்றாத வீடுகளைப் பார்த்து, இவர்களுக்கு ஒழுங்கு தெரியாது என்று நினைத்ததும் உண்டு.

அந்த வருடம் சித்திரையில் அக்கா முதல் பிள்ளைப்பேற்றுக்கு வரவிருந்தாள். அவளுக்காகக் கட்டிய புது அறைக்கு அத்தான் ஏசி வாங்கித் தந்திருந்தார். அதற்குக் கூடுதல் மின்சாரம் கேட்டு அப்பா மின்சார சபைக் கந்தோருக்குப் போனார். வயரிங் விதிகள் மாறிவிட்டன. பழைய வீடு பழையபடியே இருக்கலாம், ஆனால் கூடுதலாகக் கேட்டால் முழு வீட்டையும் புது விதிப்படி சோதிப்போம், ட்ரிப் சுவிட்ச் கட்டாயம் என்று சொல்லி அனுப்பினார்கள்.

"இவ்வளவு காலமும் இந்த வீட்டிலை ஒண்டும் நடக்கேல்லை. இப்ப என்ன புதுசா?" என்று அப்பா கத்தினார். கத்திவிட்டு ட்ரிப் சுவிட்சை வாங்கிப் பூட்டுவித்தார்.

எங்கேயாவது மின்சாரம் கசிந்தால் தானாக விழுந்து வீடு முழுவதையும் நிறுத்துவது அதன் வேலை. அது சளைக்காமல் விழுந்தது. காலையில் விழும், மத்தியானம் விழும், அப்பா செய்தி பார்க்கும்போது விழும். அக்கா வர ஒரு கிழமைதான் இருந்தது.

மின்சார வேலை கொஞ்சம் தெரிந்த மாமா வந்தார். "பழுதுச் சாமானைத் தலையிலை கட்டிப்போட்டாங்கள்," என்றார். சுவிட்ச் பெட்டிக்குப் பின்னால் ஒரு வயரைச் சுற்றிக் கொண்டுபோய், சுவிட்ச் விழுந்தாலும் கரண்ட் நிற்காதபடி செய்தார். "ஒருத்தருக்கும் மூச்சு விடாதை," என்று எனக்குச் சொன்னார். பெரியவர்களின் இரகசியத்தில் எனக்கும் பங்கு! அந்தக் கிழமை ஃபான் ஒருமுறைகூட நிற்கவில்லை. அம்மா மட்டும் குசினியில் சமைக்கும்போது செருப்புப் போடத் தொடங்கினார். ஏன் என்று கேட்டேன். "நிலம் குளிருதடி," என்றார், அந்தச் சித்திரை வெயிலில்.

பரிசோதகர் வந்தார். இளம் ஆள். சோதனைப் பொத்தானை அழுத்தினார். சுவிட்ச் டக்கென்று விழுந்தது, ஃபான் சுற்றிக்கொண்டேயிருந்தது. அவர் அண்ணாந்து பார்த்தார். அப்பா மாமாவைப் பார்த்தார். மாமா முற்றத்தைப் பார்த்தார். மாமாவின் கெட்டித்தனத்தை ஒருவரும் பாராட்டாதது எனக்குப் பொறுக்கவில்லை.

"அது விழுந்தாலும் எங்கடை வீட்டிலை கரண்ட் நிக்காது அங்கிள்! மாமாதான் செய்தவர்."

அவர் சிரிக்கவில்லை. முன்பு எந்நேரம் விழுந்தது என்று என்னிடம் கேட்டார். "அம்மா குசினியிலை நிக்கேக்கை," என்றேன். அவர் நேரே உள்ளே போய்த் துணியை விலக்கி, கைப்பிடியில் டெஸ்டரை வைத்தார். அதன் சின்ன விளக்கு சிவப்பாக எரிந்தது.

"இதிலை கை பட்டிருக்கோ அம்மா?"

"ஈரக்கையோடை பிடிச்சால் இழுக்கும் தம்பி. பிள்ளை வரப்போறாள், முதல்லை அறை முடியட்டும் எண்டு பேசாமல் இருந்தனான்."

அன்று அனுமதி கிடைக்கவில்லை. எர்த் வயர் இழுத்து, பிரிட்ஜைத் திருத்தி முடியும்வரை அக்கா ஏசி இல்லாமல் வேர்த்துக்கொண்டு கிடந்தாள். மாமா என்னோடு கதைக்கவில்லை. இரகசியத்தைக் காக்கவில்லையே என்று எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட வெட்கப்பட வேண்டியது வேறொன்று இருந்தது எனக்கு அப்போது தெரியாது. அந்தச் சுவிட்ச் விழுந்த ஒவ்வொரு முறையும் குசினியில் அம்மாவுக்குக் கரண்ட் அடித்திருக்கிறது. ஃபான் நின்றதும் நாங்கள் எல்லோரும் ஓடிப்போய்ச் சுவிட்சைத்தான் பார்த்தோம்.