அணைக்காத எஞ்சின்

இரண்டாம் உலக யுத்தம் முடிந்து, கரியை எரித்து ஓடிய கரிவாயு லாரிகள் போய் டீசல் லாரிகள் வரத் தொடங்கியிருந்த சமயம். ராசிபுரத்தில் வாத்தியாராக இருந்த நான், இரண்டு நாளாகப் பிரசவ வலியில் துடித்த மனைவியை, மஞ்சள் மூட்டை ஏற்றிய ஒரு லாரியில் சேலம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிச் சென்றேன். ஓட்டியவர் ஒல்லியானவர், முகத்தில் அம்மைத் தழும்பு. எதைக் கேட்டாலும் எஞ்சின் சத்தத்தை ஒரு கணம் கவனித்துவிட்டுத்தான் பதில் சொல்வார்.

பாதி வழியில் லாரி இருமி நின்றது. "மாட்டுவண்டி ஏதாவது பார்க்கட்டுமா?" என்று பதறினேன்.

"வேண்டாமுங்க சாமி. டீசல் கொழாயில காத்துப் பூந்துருச்சுங்க. அதை எடுத்துட்டா ஓடுமுங்க."

ஒரு திருகாணியைத் தளர்த்திக் கைப்பம்பை அழுத்தினார். நுரை நுரையாக வந்த டீசல் தெளிந்ததும் திருகாணியை இறுக்கினார். எஞ்சின் உறுமியது.

மனைவியை ஆஸ்பத்திரிக்குள் கொண்டுபோன பிறகும் அவர் எஞ்சினை அணைக்கவில்லை. ஏன் என்று கேட்டேன்.

"இங்க முடியாதுன்னுட்டா, அம்மிணியை வேற பக்கம் கொண்டு போகோணுமில்லீங்க? அணைச்சு வெச்சு, மறுக்காக் காத்துப் பூந்துட்டா என்ன பண்றது?"

ஒரு மணி நேரம் கழித்து நர்ஸ் வந்து, பெண் குழந்தை, தாயும் நலம் என்றாள். அதன் பிறகே அவர் எஞ்சினை அணைத்தார்.

அவர் பெயரை நான் கேட்கவில்லை. மகளிடம் அவரைப் பற்றிச் சொல்லும்போது, ஏனோ, "உன் மாமன்" என்றுதான் வாயில் வருகிறது.