கீழ்ப்பக்கம் போகாத பந்து

எங்கள் தேயிலைத் தோட்டத்து டிவிஷனின் பந்து மைதானத்தைப் பார்க்காதவர்களுக்கு என் கோபம் புரியாது. அதனால் முதலில் மைதானத்தைச் சொல்லிவிடுகிறேன்.

பசறையிலிருந்து நமுனுகுலப் பக்கம் ஏறும் வழியில், மலையை இடுப்பில் வெட்டிச் சமப்படுத்தியதாகப் பேர். சமமாவது ஒன்றாவது! ஒரு ஓரத்தில் ஆளுயர மண்மேடு. மறு ஓரம் சரிந்துபோய், கோட்டுக்கு அப்பால் மழைத் தண்ணீர் ஓடுகிற ஒரு கான், அதற்கப்பால் தேயிலைச் சரிவு, அதற்கும் கீழே ஆறு. மேல்பக்கம் போன பந்து மேட்டில் பட்டுத் தானாகத் திரும்பி வரும். கீழ்ப்பக்கம் போன பந்து ஆற்றங்கரையில்தான் நிற்கும். கடைசியாக உதைத்தவன்தான் இறங்கிப் போய் எடுத்துவர வேண்டும். அது எங்கள் தோட்டத்துச் சட்டம். யார் போட்டது என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குப் பிந்திப் போய் ஏச்சு வாங்கினாலும் வாங்குவார்கள், இந்தச் சட்டத்தை மட்டும் மீறமாட்டார்கள். பந்தோடு ஏறி வருகிறவன் காலில் அட்டையும் ஏறி வரும். அதுவரை மற்றவர்கள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு அவனை வாய்க்கு வந்தபடி ஏசிக்கொண்டிருப்பார்கள்.

இப்படிப்பட்ட இடத்தில் ஆடிப் பழகியவர்கள் கீழ்ப்பக்கம் ஏன் போகப்போகிறார்கள்? எல்லோரும் நடுவிலும் மேல்பக்கத்திலும் நெருக்கிக்கொண்டு நிற்பார்கள். பின்னால் நின்று தடுப்பது, வந்த பந்தை மேட்டுப் பக்கம் அடித்துவிடுவது, கோல் இல்லாமல் முடிந்தால் பெனால்டியில் பார்த்துக்கொள்வது. இவ்வளவுதான் எங்கள் ஆட்டம். அக்கம்பக்கத்துத் தோட்டங்களில் எங்கள் அணியைக் 'கொங்கிறீட்டு' என்று கிண்டல் பண்ணுவார்கள். எங்கள் ஆட்கள் அதைப் பட்டம் கொடுத்த மாதிரி நெஞ்சை நிமிர்த்தி ஏற்றுக்கொண்டார்கள்.

என் வீட்டுக்காரர் ஒரு காலத்தில் அந்த அணியின் கோல் காப்பாளர். "கோல் வாங்காதவன் தோத்ததா சரித்திரம் இல்ல" என்பார். பெனால்டியில் தோற்ற கதையை எடுத்தால் மட்டும் அவருக்குக் காது கேட்காது.

கொழுந்தெடுக்கிற பொம்பளைக்குப் பந்தைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்பவர்கள் உண்டு. மைதானத்துக்கு நேர் மேலே இருக்கிற தேயிலை மலையில்தான் எங்களுக்குப் பாதி நாள் வேலை. அங்கே சாயங்காலப் பயிற்சி நடக்கும்போது கை கொழுந்தில் இருக்கும், கண் கீழே இருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் மேட்டு விளிம்பில் உட்கார்ந்துகொள்வோம். ஆம்பளைகள் கோல் கம்பத்துக்குப் பின்னால் நின்று பார்ப்பார்கள். யார் யாரை இடறிவிட்டான் என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும். எங்கே ஆளே இல்லை என்பது எங்களுக்குத் தெரியும்.

போன வருஷம் எங்கள் வரிசை வீட்டு லயத்துக்கு ஒரு மாப்பிள்ளை வந்தார். சுவருக்கு அந்தப் பக்கத்து அறையில் இருக்கிற என் பக்கத்துக் காம்பிராக்காரியின் மகளைக் கட்டியவர். பக்கத்துக் காம்பிராக்காரி என்றால் எனக்குக் கூடப்பிறந்தவள் மாதிரி. இரண்டு பேரும் ஒரே நிரையில்தான் கொழுந்தெடுக்கிறோம். புருஷன் இல்லாதவள், மகளை அனுப்பிவிட்டுத் தனியாக இருக்க முடியாதென்று மருமகனையே இங்கே வரவழைத்துக்கொண்டாள். பையன் பண்டாரவளைப் பக்கம், மரக்கறிக் கடையில் மூட்டை ஏற்றியவன். இங்கே தேயிலைப் பக்டரியில் வேலை கிடைத்தது. பள்ளிக்கூடத்து மட்டமான மைதானத்தில் ஆடி வளர்ந்தவன். அவனுடைய இடம் ஓரம், விங்.

முதல் நாள் பயிற்சியிலேயே பந்தை வாங்கிக்கொண்டு கீழ்க்கோட்டை ஒட்டி ஓடினான் பாருங்கள், நாங்கள் எட்டுப் பேர் கொழுந்தை விட்டுவிட்டு நிமிர்ந்து நின்றோம். கங்காணி கத்தியதுகூடக் காதில் விழவில்லை. அந்தப் பக்கத்தில் ஒரு மனிதன் ஓடி நாங்கள் பார்த்ததே இல்லை. தடுக்கவும் ஆளில்லை. பிறகு தடுக்க ஓடி வந்தவனும் கானைக் கண்டதும் நின்றுவிட்டான்.

"யக்கா, உங்க மருமகன் என்ன, தபால் கொண்டு போற மாதிரி போறாரு!" என்றாள் எங்கள் நிரையின் கடைசியில் இருப்பவள். அவளுக்கு எதற்கும் ஒரு பேச்சு இருக்கும். பக்கத்துக் காம்பிராக்காரி பெருமையை மறைக்கத் தெரியாமல் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

அன்றைக்கு முதலில் இரண்டு தடவை பந்து கீழே போனது. இரண்டு தடவையும் அவனே இறங்கி எடுத்துவந்தான். காலில் இருந்த அட்டையைப் பிய்த்துப் போட்டுக்கொண்டே, "கீழ ஆறு நல்லாத்தான் இருக்கு, நீங்கல்லாம் பாத்ததே இல்லியா?" என்று சிரித்தான். யாரும் சிரிக்கவில்லை. மூன்றாம் தடவை போனதும் கெப்டன் முடிவெடுத்துவிட்டார்.

"மாப்ள, உங்க ஓட்டம் நமக்குச் சரிவராது. பின்னுக்கு நில்லுங்க. நல்ல ஒடம்பு, அடைச்சிக்கிட்டு நிக்கலாம்."

நல்ல உடம்பாம், அடைத்துக்கொண்டு நிற்பதற்காம்! வாசல் கதவா அவன்?

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் சோறு வேகும்போதெல்லாம் இந்தச் சண்டையும் வெந்தது.

"நீ மேலருந்து பாத்து அழகு சொல்லுவ," என்றார் வீட்டுக்காரர். "நம்ம பயலுக பாதிப்பேரு கொழும்புக்குப் போய்ட்டானுக. மிச்சம் இருக்கறவன் வேலை முடிச்சு வந்து ஆடுறான். ஓடி ஆடுற தெம்பு இருக்கா? ஒருத்தன் முன்னுக்கு ஓடுனா அவன் எடத்த எவன் பாக்குறது?"

"அவன் ஓடுனா எதிராளி ரெண்டு பேரு அவன் பின்னால போவான்ல? அப்ப நம்ம பக்கம் வர்றதுக்கு ரெண்டு பேரு கொறைவுதானே? அதுவும் தடுக்கறதுதாங்க."

"வக்கீலுக்குப் படிச்சிருக்க வேண்டியவ நீ."

"படிக்க வைச்சிருந்தா படிச்சிருப்பேன்."

அவர் சொன்னதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. ஆள் குறைந்த தோட்டம்தான். ஆனால் தடுத்து ஆடுகிற அணிக்குத்தானே வேகமாக ஓடுகிற ஒருவன் முக்கியம்? பத்துப் பேர் அடித்து வெளியே தள்ளுகிற பந்தை எடுத்துக்கொண்டு ஓட ஒருவனாவது வேண்டாமா? தண்ணீர்ப் பீலியடியில் இதைக் கேட்டேன், கோயில் படியில் கேட்டேன். "மாமியாரு சும்மா இருக்கா, ஒனக்கென்ன?" என்றார்கள்.

அந்த நேரத்தில்தான் பதுளையில் போட்டி வந்தது. மாகாண அணிக்கு ஆள் பார்க்கிறவர்களும் வருவதாகச் சொன்னார்கள். அந்த அணிக்கு வயதுக் கட்டுப்பாடு உண்டு. எங்கள் மாப்பிள்ளைக்கு அந்த வருஷத்தோடு வயது முடிகிறது. பக்கத்துக் காம்பிராக்காரி வேப்பிலை கட்டி விரதமெல்லாம் இருந்தாள். பையன் கெப்டனிடம் போய் ஒரே ஒரு ஆட்டம், அதிலும் பாதி ஆட்டம் ஓரத்தில் விடச் சொல்லிக் கேட்டானாம். "பாப்போம்" என்றாராம். எங்கள் தோட்டத்தில் 'பாப்போம்' என்றால் என்ன என்று பண்டாரவளைக்காரனுக்கு எப்படித் தெரியும்?

லொறியில் நின்றுகொண்டு பதுளைக்குப் போனோம். அங்கே மைதானத்தைப் பார்த்ததும் எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. பாய் விரித்த மாதிரி மட்டம். ஒரு பக்கம் சனம் உட்காருகிற படிக்கட்டு. மறுபக்கம் வெறும் புல், அதற்கப்பால் வேலி. கானும் இல்லை, ஆறும் இல்லை.

ஆட்டம் தொடங்கியது. கொஞ்ச நேரத்தில் எனக்கு என்னவோ உறுத்தியது. எங்கள் ஆட்கள் எல்லோரும் எங்கள் காலடிக்குக் கீழே ஆடிக்கொண்டிருந்தார்கள். அடிக்கிற பந்தெல்லாம் படிக்கட்டுப் பக்கமே வந்தது. வேலிப் பக்கத்துப் புல்லில் ஒரு காலடி படவில்லை. அப்போதுதான் விளங்கியது. இந்த மனிதர்கள் படிக்கட்டை எங்கள் ஊர் மண்மேடு என்று வைத்துக்கொண்டார்கள்! இல்லாத சரிவுக்குப் பயந்து, பாதி மைதானத்தை எதிராளிக்கு எழுதிக் கொடுத்துவிட்டு நின்றார்கள். இடைவேளைக்குப் பிறகு பக்கம் மாறியும் அதே கதைதான். வலது கை இடது கை ஆனது, ஆட்டம் மட்டும் படிக்கட்டை விட்டு நகரவில்லை.

"ஏங்க்கா, அந்தப் பக்கமும் ஆறு ஓடுதா?" என்று கேட்டாள் எங்கள் நிரைக் கடைசிக்காரி. நாங்கள் சிரித்தோம். சிரிக்கும்போதே எனக்கு அழுகை வந்தது.

மாப்பிள்ளை பின்னால் நின்று அடைத்துக்கொண்டுதான் இருந்தான். குறை சொல்ல முடியாது. ஆனால் அடிக்கடி அந்த வேலிப் பக்கத்தைத் திரும்பிப் பார்த்தான். ஆட்டம் முடியக் கொஞ்ச நேரம் இருக்கும்போது பந்து அவன் காலுக்கு வந்தது. பொறுக்க முடியவில்லை போலிருக்கிறது. மைதானத்தைக் குறுக்கே வெட்டி அந்தப் பக்கம் போனான், பிறகு வேலியோரமாக ஒரு ஓட்டம். படிக்கட்டில் இருந்த வேறு தோட்டத்துச் சனமெல்லாம் எழுந்து நின்றது. கோல் வாசலுக்குப் பந்தைத் தூக்கிப் போட்டான், அளந்து வைத்த மாதிரி. அங்கே எங்கள் ஆள் ஒருவன்கூட இல்லை. பத்துப் பேரும் பாதிக் கோட்டைத் தாண்டாமல் நின்று, "பின்னுக்கு வா! பின்னுக்கு வா!" என்று கத்திக்கொண்டிருந்தார்கள்.

அந்தப் பந்தை எதிராளி எடுத்து ஒரே அடியாக அடித்தான். அது மாப்பிள்ளை விட்டுப் போன இடத்தின் வழியாகவே வந்து கோல் ஆனது.

அவ்வளவுதான். தோல்விக்கு ஆள் கிடைத்துவிட்டது.

நான் தண்ணீர் குடிக்கக் குழாயடிக்கு இறங்கிப் போனேன். ஆள் பார்க்க வந்த ஐயா ஒருவர் கொப்பியும் பேனாவுமாக எங்கள் கெப்டனிடம் பேசிக்கொண்டிருந்தார். என் காதால் கேட்டதைச் சொல்கிறேன்.

"கடைசியில ஓடுன அந்தத் தம்பி எந்த இடத்துல ஆடுறவர்?"

"அவரு பின்னுக்குத்தான் சேர். தடுக்கறவரு."

"அதுக்கு எங்ககிட்ட ஆள் இருக்கு" என்று அவர் கொப்பியை மூடிவிட்டார்.

நான் அங்கேதான் நின்றேன், நான்கடி தூரத்தில். வாய் ஓயாதவள் என்று லயம் முழுக்கப் பேர் வாங்கியவள், அன்றைக்கு ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு பேசாமல் நின்றேன். கெப்டன்மேல் எவ்வளவு ஆத்திரமோ அதில் பாதி என்மேலும் இருக்கிறது.

அடுத்த ஞாயிறு விளையாட்டுக் கழகக் கூட்டம். பெண்கள் யாரும் போவதில்லை, நான் போனேன். பக்கத்துக் காம்பிராக்காரி வாசலில் நின்றுகொண்டாள். மாப்பிள்ளையை நிறுத்திவைத்து எல்லோரும் விசாரித்துக்கொண்டிருந்தார்கள். சொன்ன இடத்தை விட்டு ஏன் போனாய், உன்னால்தானே கோல். நான் குழாயடியில் கேட்டதைச் சபையில் போட்டு உடைத்தேன்.

"ஒரு வார்த்தை, 'இவரு விங்கு ஆளு'ன்னு சொல்லியிருந்தா அந்த ஐயா பேரு எழுதியிருப்பாரா இல்லியா?"

கெப்டன் தலையைச் சொறிந்தார். கெட்ட மனிதர் இல்லை. அதுதான் இன்னும் எரிச்சல். "அக்கா, அப்படிச் சொன்னா, பின்ன ஏன் அவர பின்னுக்குப் போட்டீங்கன்னு கேப்பாருல்ல? நான் என்னத்தச் சொல்லட்டும்?"

தன் முகத்தில் தூசி படக்கூடாதென்று ஒருவனுடைய கடைசி வருஷத்தைக் குழாயடியில் கழுவிவிட்டிருக்கிறார்! யாராவது ஏதாவது சொல்வார்கள் என்று பார்த்தேன். என் வீட்டுக்காரர் கூரைத் தகரத்தை எண்ணிக்கொண்டிருந்தார்.

கடைசியில் கெப்டனே இறங்கி வந்தார். "சரி. போனது போகட்டும். அடுத்த ஆட்டத்துல இருந்து மாப்ள விங்குல ஆடட்டும்."

பையன் முகத்தில் வெளிச்சம் வந்தது. "கீழ்ப்பக்கந்தானே?"

"சேச்சே, மேல்பக்கம். கீழ யாரு போய் பந்து எடுக்கறது?"

"நான்தான எடுத்தேன்? நானே எடுக்கறேன்."

"ஒவ்வொரு தடவையும் நாங்க காத்துக்கிட்டு நிக்கறதா?"

சபை முழுவதும் தலையாட்டியது. மேல்பக்கத்தில் ஏற்கனவே ஆறு பேர் முட்டிக்கொண்டு நிற்கிறார்கள், இவன் ஏழாவது ஆளாகப் போய் நிற்க வேண்டுமாம். அதற்குப் பேர் விங்காம். நான் எழுந்து வந்துவிட்டேன்.

மறுநாள் மாப்பிள்ளை வந்து, "பெரியத்தை, பக்கத்து டிவிஷன்ல கூப்புடுறாங்க. போனா தப்பா?" என்று கேட்டான்.

"கீழ்ப்பக்கம் குடுப்பாங்களா?"

"ரெண்டு பக்கமும் மட்டந்தான். எந்தப் பக்கம் வேணும்னாலும் ஓடச் சொன்னாங்க."

"போ" என்றேன்.

மாகாண அணி போனது போனதுதான். அதை யாராலும் திருப்பித் தர முடியாது. தோட்டத்தில் இப்போது நான் ஆளை விற்றவள். பீலியடியில் எனக்கு இடம் விடுவதில்லை. விடாமல் போகட்டும். ஞாயிற்றுக்கிழமை நானும் பக்கத்துக் காம்பிராக்காரியும் குறுக்குப் பாதையில் நடந்து பக்கத்து டிவிஷனுக்குப் போகிறோம். அங்கே அவன் ஓடுகிறான், கோல் வாசலில் அவன் பந்துக்கு ஆள் காத்திருக்கிறது.

திரும்பி வந்தால் வீட்டுக்காரர் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு, சுவரைப் பார்த்தபடி கேட்பார்: "எத்தனை கோலு?"

நான் சொல்லமாட்டேன்.

"கால் இருக்குல்ல? நடந்து வந்து பாருங்க."