சூசைராஜ் சாரும் அப்பளக் கதையும்

எங்கள் நூலகத்தில் வேலை பார்த்தவர்களுக்கென்று ஒரு வாட்ஸாப் குழு இருக்கிறது. போன செவ்வாய்க்கிழமை காலை அதில்தான் செய்தி வந்தது. சூசைராஜ் சார் கடலூரில் தம் மகள் வீட்டில் காலமாகிவிட்டார். நான் ஏதும் எழுதுவதற்குள், அவர் ஓய்வு பெற்ற பிறகு வேலைக்கு வந்த ஒருவர் கேட்டிருந்தார்: “அந்த அப்பளக் கதை சாரா?” கூடவே கும்பிடும் கை ஒன்று. ஒரு நூலகத்தையே கட்டிக் காத்த மனிதர் இப்படித்தான் நினைவில் நிற்கிறார் என்றால் அதற்கு நான்தான் காரணம். அந்தக் கதையைச் சொல்லிப் பரப்பியவன் நான். வெட்கமாக இருக்கிறது.

சிதம்பரத்தில் ஒரு கல்லூரி நூலகம். அவருக்கும் எனக்கும் எதிரெதிர் மேசை. கடலூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். கிழிந்த பக்கத்தை ஒட்டும்போது மூச்சைப் பிடித்துக்கொள்வார். யாரையும் ஒருமையில் கூப்பிட்டதில்லை. கூட்டிப் பெருக்க வரும் அம்மாவையும் ‘வாங்க’ என்றுதான் அழைப்பார். நான் நேர் எதிர். வாய் ஜாஸ்தி.

அவருடைய மகள் கல்யாணம் கடலூரில் அவர்கள் பங்குக் கோயிலில் நடந்தது. பூசையில் எல்லோரும் வரிசையில் போனார்கள், நானும் போனேன். கோயிலில் வரிசையைப் பார்த்தால் போய் நின்றே பழகியவன். சாமியார் என் உள்ளங்கையில் வெள்ளையாக ஒரு சின்ன வில்லையை வைத்தார். மற்றவர்கள் அங்கேயே வாயில் போட்டுக்கொண்டார்கள். நானோ, கோயிலில் கொடுத்ததை வீட்டுக்கு எடுத்துப் போவதுதானே வழக்கம், அம்மாவுக்கு ஆகட்டும் என்று கைக்குட்டையில் மடித்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டேன். அம்மா அப்போது படுத்த படுக்கை. அதனாலேயே பந்திக்கு நிற்காமல் பஸ் ஏறினேன்.

பஸ் புறப்படும் நேரம். பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சூசைராஜ் சார் உள்ளே ஏறினார். மூச்சு இரைத்தது. மணப்பெண்ணின் அப்பா!

“ராமலிங்கம், கோயில்ல வாங்குனத கைக்குட்டையில மடிச்சீங்கன்னு சொன்னாங்க. சாப்ட்டீங்களா?”

“இல்ல சார், அம்மாவுக்கு எடுத்துட்டுப் போறேன்.”

“அத என்கிட்ட குடுத்துடுங்க. தப்பா எடுத்துக்காதீங்க.”

தப்பாகத்தான் எடுத்துக்கொண்டேன். வேறு மதத்துக்காரன் கையில் இருக்கக் கூடாதென்று பிடுங்க வந்துவிட்டார் என நினைத்தேன். “ஒரு வில்ல அப்பளத்துக்கா சார் பொண்ணு கல்யாணத்த உட்டுட்டு ஓடியாந்தீங்க?” என்று பஸ்ஸே கேட்கும்படி கேட்டேன். நாலு பேர் சிரித்தார்கள்.

அவர் கை நீட்டினார். கைக்குட்டையை வாங்கிப் பிரித்தார். வில்லை மூன்றாக உடைந்து, தூளும் உதிர்ந்திருந்தது. சிலுவை போட்டுக்கொண்டு துண்டுகளை வாயில் வைத்தார். பிறகு விரல் நுனியை ஈரமாக்கி ஒவ்வொரு துகளாக ஒற்றி எடுத்தார். என் வியர்வை ஊறிய துணி அது. கண்டக்டர் விசில் ஊதியும் அவர் அவசரப்படவில்லை.

திங்கட்கிழமை அந்தக் கைக்குட்டை துவைத்து, இஸ்திரி போட்டு என் மேசைக்கு வந்தது. “மொதல்ல அலசுன தண்ணிய சாக்கடையில உடாம செம்பருத்திக்கு ஊத்திட்டேங்க,” என்றார். எனக்கு அது இன்னும் வசதியாகப் போயிற்று. டீ நேரத்தில் கதையைச் செம்பருத்தியோடு முடித்தால் சிரிப்பு அள்ளும். வருஷக்கணக்கில் சொன்னேன். அவர் எதிரிலேயே சொன்னேன். புதிதாக வந்த ஒரு பெண், “நெஜமா சார்?” என்று அவரையே கேட்டபோது, “நெஜந்தாங்க. ராமலிங்கம் நல்லா சொல்வாரு,” என்றார்.

அவர் ஓய்வு பெறும் வாரத்தில்தான் முதல்முறையாகச் சிரிக்காமல் கேட்டேன்: “அன்னிக்கு ஏன் சார் அப்படி ஓடியாந்தீங்க?”

“ஞானஸ்நானம் வாங்கி, நம்பி வர்றவங்கதான் அத வாங்கணும். முன்னாடியே உங்ககிட்ட சொல்லாம உட்டது என் தப்பு. பூசையில அந்த அப்பம் ஏசுவாவே ஆயிடுதுன்னு நம்புறோம் ராமலிங்கம். அடையாளம் இல்ல, அவரேதான். ஒடஞ்ச துணுக்குலயும் முழுசா இருக்காரு. அவரு உங்க பாக்கெட்ல, யாருன்னே தெரியாம பஸ்ஸுல போறாரு. நான் எப்படி பந்தியில ஒக்காந்து சாப்புடுவேன்?”

அதற்குப் பிறகு நான் அந்தக் கதையைச் சொல்லவில்லை. ஆனால் என்னிடம் கேட்டவர்கள் சொல்லிக்கொண்டே இருந்தார்கள்.

அதில் நான் ஒருமுறைகூடச் சேர்க்காதது ஒன்று உண்டு. அன்று பஸ்ஸைவிட்டு இறங்குமுன் அவர் என் மடியில் ஒரு மஞ்சப்பையை வைத்தார். உள்ளே கல்யாண லட்டும் முறுக்கும். “வெறுங்கையோட போவாதீங்க. அம்மாவுக்குக் குடுங்க.” இருந்த கோபத்தில் அதைச் சிதம்பரத்தில் சீட்டிலேயே விட்டுவிட்டு இறங்கினேன். திங்கட்கிழமை, “அம்மா சாப்ட்டாங்களா?” என்று கேட்டார். “ஒரு லட்டு முழுசா சாப்ட்டாங்க சார்,” என்றேன். அவருக்கு அவ்வளவு சந்தோஷம்.

அடக்கப் பூசைக்குப் போனேன். அதே கோயில். நற்கருணை வாங்க எல்லோரும் எழுந்தார்கள். பக்கத்திலிருந்த பெண்மணி, “நீங்க வரலீங்களா?” என்றார். “இல்லம்மா, நான் வாங்கக் கூடாது,” என்று காலை ஒதுக்கி அவருக்கு வழிவிட்டேன். அந்த பெஞ்சில் நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன்.

பிறகு பெட்டியருகே ஒரு வரிசை. அதில் நின்றேன். கட்டியிருந்த கைகளில் ஜெபமாலை. துகள் துகளாக ஒற்றி எடுத்த விரல்கள். குனிந்து, அவருக்கு மட்டும் கேட்கும்படி சொன்னேன்.

“சார், அம்மா லட்டு சாப்புடல. நான் பஸ்ஸுலயே உட்டுட்டு எறங்கிட்டேன். போய்ட்டு வாங்க சார்.”