ஈரம் காயாத வாசற்படி

கோவிலில் வேலை செய்கிறவர்கள் அவளுக்கு வைத்த பெயர் ஊமையக்கா. பேச வராதவள் இல்லை. பேசினால் நாலு சொல், அதிலும் இரண்டு தொண்டையிலேயே நின்றுவிடும். அந்தப் பழைய புத்தர் கோவிலின் தரையைப் பதினேழு வருஷமாகக் கழுவித் துடைப்பவள் அவள்தான். விடிந்ததும் வாளியோடு நுழைவாள். எட்டு மணிக்குக் கதவு திறக்கும்போது தரையில் பொட்டு ஈரம் இருக்கக்கூடாது. போன வருஷம் யாரோ வழுக்கி விழுந்ததிலிருந்து மேலாளர் அதில் கறார். “இன்னொரு தடவை ஈரத்தைப் பாத்தேன், வேலைக்கு வரவேண்டாம்” என்று சொல்லியிருந்தார்.

இரண்டு முறை தீக்கு இரையாகி, இரண்டு முறையும் எழுந்து நின்ற கோவில். கட்டியவர் பேரைச் சொல்லும் கல் முதல் தீயிலேயே போய்விட்டது என்று பெரிய பிக்கு வருகிறவர்களிடமெல்லாம் வருத்தப்படுவார். “யாரோ ஒரு ராஜாவா இருக்கணும்” என்று முடிப்பார்.

மண்டபத்து வாசற்படியில் ஏதோ எழுத்து இருந்தது. நனைந்தால் கறுப்பாக எழும்பும். காய்ந்தால் வெறும் கல். துடைக்கிறவள் கண்ணுக்கு மட்டும்தான் அது தெரியும். படித்தவர்களுக்குத் தெரியாததா என்று அவள் விட்டுவிட்டாள். அவள் படிப்பு நாலாம் வகுப்போடு சரி.

அன்று காலை, அவள் துடைத்து முடித்த நேரம், கொத்தனார் கடப்பாரையோடு வந்தார். படி தேய்ந்து குழியாகிவிட்டதாம். பெயர்த்துவிட்டுப் புதுக்கல் போடப்போகிறார்களாம்.

“இந்தக் கல்ல என்ன பண்ணுவீங்க?”

“அட, ஊமையக்கா வாயத் திறந்துடுச்சு” என்று கொத்தனார் சிரித்தார். “உடைச்சு ஜல்லியாக்கிடுவோம். துணி துவைக்க வேணும்னா சொல்லு, முழுசாவே தரேன். இடுப்புல தூக்கி வச்சுக்கிட்டுப் போ.”

காய்ந்த கல்லைக் காட்டி என்ன சொல்வது, யார் நம்புவார்கள்? மணி எட்டாகப் போகிறது. அவள் அரைவாளித் தண்ணீரை அப்படியே படிமேல் கொட்டினாள். கொத்தனார் துள்ளி விலகினார்.

“என்னக்கா, போகப்போற கல்லுக்கு எண்ணெய்க் குளியலா?”

அந்த நேரம் பார்த்துப் பெரிய பிக்குவும் மேலாளரும் வந்தார்கள். மேலாளர் முகம் சிவந்தது.

“நான் படிச்சுப் படிச்சுச் சொன்னேனா இல்லயா?”

வெயில் ஏறி, கல்லின் ஓரம் வெளுக்கத் தொடங்கியிருந்தது. மிச்சத் தண்ணீரையும் அவள் ஊற்றினாள். மேலாளரைப் பார்க்கவே இல்லை.

“சாமி, காயறதுக்குள்ள பாருங்க.”

பெரிய பிக்கு குனிந்தார். பிறகு அங்கியைச் சுருட்டிக்கொண்டு ஈரத்திலேயே உட்கார்ந்துவிட்டார். விரல் எழுத்தெழுத்தாக நகர்ந்தது.

“ராஜா இல்லப்பா” என்றார் மெதுவாக. “கட்டுனது ஒரு குயவனும் ஒரு படகுக்காரனும். படிக்குக் கல்லு குடுத்தது படகுக்காரனோட மாமியார்.”

“மாமியாரா?” என்றார் மேலாளர்.

“ரொம்ப நல்ல மாமியார் போல.” பிக்கு அவளை நிமிர்ந்து பார்த்தார். “எத்தன வருஷமாத் தெரியும்மா உனக்கு?”

“வந்ததுலேருந்து. உங்களுக்குத் தெரியும்னு இருந்துட்டேன் சாமி.”

அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். சிரித்துக்கொண்டிருக்கும்போதே கடைசி வரி மங்கியது. “தண்ணி, தண்ணி” என்றார் பதறிப்போய்.

வாளி காலி. மேலாளரே அதைப் பிடுங்கிக்கொண்டு குழாயடிக்கு ஓடினார். திரும்பி வரும்போது வழியெல்லாம் சிந்திக்கொண்டே வந்தார். அவள் கை தன்னையறியாமல் துடைக்கும் துணியைத் தேடியது.