மெத்தைக்கு அடியில் ஒரு படலம்

சிங்கப்பூரில் எனக்கு ஒரு பிளாஸ்டிக் படலத்தோடுதான் வேலை. பள்ளிக்கூட நோட்டுக்கு அட்டை போடும் கண்ணாடித்தாள் கனம்கூட இருக்காது. அழுத்தினால், வளைத்தால் அதில் துளி மின்சாரம் பிறக்கும். மெத்தைக்கு அடியில் விரித்துவிட்டால் படுத்திருப்பவரின் மூச்சைக்கூடக் கண்டுகொள்ளும். ஆனால் அழுத்தம் மாறுவதைத்தான் அது அறியும். அசையாத நெல்மூட்டையை வைத்தால் திரையில் கோடு பூஜ்யத்தில் கிடக்கும்.

அப்பா பக்கவாதத்தில் விழுந்த பிறகு, லீவில் வந்து அவர் கட்டிலில் அதைப் பொருத்தினேன். கொள்ளிடக் கரையோர வீட்டில் அவர் விடும் மூச்சு, இணையம் வழியாக என் மேசைக் கணினியில் கோடாக ஓடும். முதலில் அம்மாவைப் படுக்கவைத்துச் சோதித்துப் பார்த்தேன். தன் மூச்சு திரையில் ஏறி இறங்குவதைப் பார்த்து அவள் வெட்கப்பட்டாள். அப்பா, இதை வயலில் புதைத்தால் பம்புசெட் ஓடுமா என்று குழறலாகக் கேட்டார். ஊரே புரண்டு படுத்தாலும் ஒரு குண்டு பல்பு எரியாது என்றேன்.

"பின்ன எதுக்குடா இது?" என்றார்.

நியாயமான கேள்விதான்.

ஈஸ்டருக்கு முந்தைய புனித வாரத்தின் செவ்வாய்க்கிழமை காலையில் அக்கா போன் செய்தாள். அப்பாவுக்கு ரொம்ப சீரியஸ், உடனே கிளம்பி வா என்றாள். எங்கள் பக்கத்தில் வெளிநாட்டில் இருப்பவனிடம் சாவைச் சாவென்று சொல்ல மாட்டார்கள். வழியில் உடைந்துபோவான் என்று 'சீரியஸ்' என்பார்கள். அது எனக்குத் தெரியாதா? தெரிந்ததால்தான் முதலில் கோட்டைப் பார்த்தேன்.

கோடு ஓடிக்கொண்டிருந்தது. போன வாரத்தைவிட மூச்சு சீராகவே இருந்தது. நடுநடுவே பொடிப் பொடியாக நடுக்கம். வாசலில் மணல் லாரி போகிற அதிர்வு என்று நினைத்து அதை வடிகட்டினேன். கோடு சுத்தமானது. அக்காவுக்கு எப்போதும் எதையும் பெரிதாக்குகிற சுபாவம் என்று சொல்லிக்கொண்டு, கையிலிருந்த வேலையை முடித்துவிட்டு மறுநாள் போகலாம் என்று இருந்துவிட்டேன். அவளிடம் "கிளம்பிட்டேன்" என்றுதான் சொன்னேன். நம் ஊரில் இன்னும் பல் விளக்காதவனும் அதைத்தானே சொல்கிறான்.

அன்று இரவு கோடு நின்றது. ஊரில் கரண்ட் போயிருக்கும் என்று படுத்துத் தூங்கினேன்.

புதன் காலையில் மறுபடி அக்கா. திருச்சியில் இறங்கிவிட்டாயா என்று கேட்டாள். ஆய்வகத்தில் இருக்கிறேன் என்றேன். பிறகு, "அப்பா நேத்து விடியக்காலயே போயிட்டாருடா" என்றாள்.

அப்படியானால் அந்த மூச்சு யாருடையது என்று கேட்டேன்.

"அம்மாதான். நீ ப்ளேன் ஏறுற வரைக்கும் தெரியக் கூடாதுன்னு அந்தக் கட்டில்ல போய்ப் படுத்துக்கிச்சு."

கூடத்தில் ஐஸ் பெட்டியைச் சுற்றி ஊர்ப் பெண்கள் உட்கார்ந்திருக்க, அம்மா பகல் முழுக்க உள்ளறையில் படுத்துக் கிடந்திருக்கிறாள். அடக்கத்தைத் தள்ளிவைக்கவும் வழியில்லை. பெரிய வியாழன் தொடங்கினால் ஈஸ்டர் முடியும்வரை அடக்கப் பூசை கிடையாது. புதன் மாலையே வைத்தாக வேண்டும் என்று பங்குச் சாமியார் சொல்லிவிட்டார்.

எனக்கு அழுகை வரவில்லை. மேசையைத் துடைத்தேன். கருவியை அணைத்தேன். டிக்கெட் எடுத்தேன். நெஞ்சில் என்னவோ கிடந்தது, அசையவில்லை. கிடைத்த விமானம் திருச்சியில் இறங்கியபோது அடக்கம் முடிந்திருந்தது. கல்லறைத் தோட்டத்தில் ஈர மண்ணையும் அணைந்துபோன மெழுகுவத்திகளையும்தான் பார்த்தேன். அப்பாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

வீட்டில் எனக்குச் சோறு போட்டது அம்மாதான். பக்கத்தில் உட்கார்ந்து, நான் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏன் உடனே வரவில்லை என்று கேட்பாள் என நினைத்தேன். அதைக் கேட்கவில்லை.

"கோடு ஒழுங்கா வந்துச்சாய்யா? நான் அழுவாமத்தான் படுத்திருந்தேன்."

"சுத்தமா வந்துச்சும்மா" என்றேன்.