நன்றி நவிலலில் கிடைத்த என் தம்பி

2009 மே மாதம். என் தம்பி சீலன் செத்துப்போனான் என்று கனடாவிலிருந்து போன் வந்தது.

"அவன் இருந்த பங்கருக்கு மேல ஷெல் விழுந்ததாம். ஒருத்தரும் தப்பேல்லையாம்" என்றார் ஊர்க்காரர் ஒருவர். கண்ணால் கண்டது யார் என்று கேட்டேன். அவரும் கேள்விப்பட்டதுதானாம். தொலைந்ததைத் தேடித்தரும் புனித அந்தோனியாரை நம்பும் உங்களுக்கு, அதன் பிறகு நடந்ததைச் சொல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை.

நான் லண்டனில், மோர்டனில் இருக்கிறேன். சீலன் வன்னியில் மோட்டார் மெக்கானிக். அவன் மனைவி நிர்மலா பிரான்சுக்கு வந்து, பிறகு இங்கே பக்கத்து ஸ்ட்ரெதமுக்கு மாறி, அவனைக் கூப்பிடக் காத்திருந்தவள். "முப்பத்தோராம் நாள் பூசையைக் குடுப்பம், ஆத்துமா அலையக் கூடாது" என்றார் என் கணவர். நான் முடியவே முடியாது என்று நின்றேன். செவ்வாய்க்கிழமை கோயிலில் நவநாள் செபத்துக்குப் போய் அந்தோனியாரோடு சண்டை பிடித்தேன். "ஊரார் தொலைக்கும் சாவியெல்லாம் தேடிக் கொடுக்கிறீர். என் தம்பியைத் தேட உமக்கு நேரமில்லையா?" என்று சுரூபத்தின் முகத்துக்கு நேரே கேட்டேன்.

கடைசியில் என்னை மடக்கியவள் நிர்மலாதான். தாலியைக் கையில் பிடித்தபடி சொன்னாள்:

"மச்சாள், ஒண்டில் நான் அழ வேணும், இல்லாட்டி காத்திருக்க வேணும். ரெண்டையும் சேர்த்துச் செய்ய என்னால ஏலாது."

நான் விட்டுக்கொடுத்தேன். பூசைக்குச் சொன்னோம்.

கண்ணீர் அஞ்சலி எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. மற்றவர்கள் எழுதியதைப் பார்த்து எழுதலாம் என்று, வேலைக்குப் போகுமுன் கம்ப்யூட்டரில் மரண அறிவித்தல்களைத் திறந்தேன். படம் படமாக எங்கள் சனம். "அந்தோனியாரே, இதை நான் எழுதி முடிக்குமுன் என்னைத் தடுத்துவிடும்" என்று மன்றாடினேன்.

அப்போதுதான் ஜெர்மனியில் ஒரு குடும்பம், வன்னியில் இறந்த தங்கள் தகப்பனுக்காகப் போட்டிருந்த நன்றி நவிலலைக் கண்டேன். உங்களுக்குத் தெரியும்தானே, நம்மவர்கள் அதில் ஒருவரையும் விடமாட்டார்கள். வந்தவர், சமைத்தவர், மலர்வளையம் வைத்தவர் என்று எல்லாருக்கும் நன்றி. கடைசியில் இப்படி இருந்தது: "தனித்துக் கிடந்த எங்கள் தந்தையைச் செபம் சொல்லி அடக்கம் செய்து, அகதி முகாமில் அம்மாவைத் தேடிவந்து அறிவித்த மெக்கானிக் சீலனுக்கும்..."

அந்த வரியைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். ஆனால் சீலன் என்று எத்தனை பேர்! கீழே இருந்த நம்பருக்கு எடுத்தேன். இறந்தவரின் மகள் கதைத்தார். ஆளின் முழுப்பெயர் தெரியாது என்றார். "அம்மா வேற ஏதும் சொன்னவவோ பிள்ளை?" என்று கெஞ்சினேன்.

"ஓம் அக்கா. தன்ர செபமாலையை அப்பான்ர கையில சுத்தி விட்டவராம். அறுந்த இடத்தில செம்புக் கம்பி போட்டு முறுக்கின மாலையாம்."

அது நான் அனுப்பிய மாலை! எறிந்துவிட்டு வேறு வாங்கு என்று நான் போனில் ஏசியும், கம்பியால் கட்டிப் போட்டுக்கொண்டு திரிந்தவன் அவன்.

"இப்ப... இருக்கிறாரோ?"

"போன கிழமையும் அம்மாவுக்குத் தண்ணி எடுத்துக் குடுத்தவராம்."

அப்படியே தரையில் இருந்து அழுதேன். பிறகு நிர்மலாவுக்கு எடுத்தேன். அவள் அழுவது மட்டும் கேட்டது.

சொன்ன பூசையை நாங்கள் நிறுத்தவில்லை. தம்பியின் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் அவன் அடக்கம் செய்த அந்த ஐயாவின் பெயரை வாசிக்கச் செய்தோம். தாலியோடு கோயிலின் முன்வரிசை வாங்கில் முழந்தாளிட்டு, முன்பின் கண்டிராத அந்த மனிதருக்காக நிர்மலா செபித்தாள். அன்று முதல், நவநாளில் எனக்காகக் கேட்குமுன் யாரென்றே தெரியாத ஒருவருக்காகக் கேட்கிறேன்.

உறவுகளைத் தேடிக்கொண்டிருப்பவர்களே, நம்பிக்கையை விடாதீர்கள். கோபம் வந்தால் அந்தோனியாரோடு சண்டை பிடியுங்கள், ஆனால் கேட்பதை நிறுத்தாதீர்கள். முகாமிலிருந்து வெளியே வந்ததும் சீலன் எனக்குப் போன் எடுத்தான். அவன் சொன்ன முதல் வார்த்தை:

"அக்கா, நீங்கள் அனுப்பின செபமாலையை ஒரு ஐயாவுக்குக் குடுத்திட்டன். கோவிக்காதேங்கோ."